போத்தலில் போன தண்ணீர்

உரும்பிராய்ப் பக்கம் ஒரு தோட்ட வீட்டில் ஒரு காலைப்பொழுது இருக்க நேர்ந்தது. செம்மண் வளவு, வாழை, வேலியோரம் பயிற்றங்கொடி, நடுவில் கட்டுக் கிணறு. இரண்டு மாணவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். வாளியால் அள்ளி, கொண்டுவந்த பிளாஸ்டிக் போத்தலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசி, நிரப்பி, மூடி, இலக்கம் எழுதி ஒட்டினார்கள். வேலையில் ஒரு பிழை சொல்ல முடியாது. வெளிக்கிடும்போது வீட்டுக்கார அம்மா கேட்டார்:

"தம்பியவை, போன மாரிக்கும் ரெண்டு பிள்ளையள் வந்து இப்பிடித்தான் அள்ளிக்கொண்டு போனவை. என்ன இருக்கெண்டு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. நாங்கள் இதைத்தானே குடிக்கிறம்."

"சொல்லுவம் அம்மா" என்றார்கள் பிள்ளைகள். மோட்டார் சைக்கிள் ஒழுங்கையால் போய்விட்டது. அவர்கள் எந்த நிறுவனத்துப் பிள்ளைகள் என்பது இங்கே முக்கியமில்லை. எங்கே படித்தாலும் இப்படித்தான் நடக்கிறது.

பல்கலைக்கழகம் சமூகத்துக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். இரத்ததான முகாம், மரம் நடுகை, பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கருத்தரங்கு, வெள்ளம் வந்தால் உலர் உணவு. இவற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை, தேவையான காரியங்கள். ஆனால் இவை எல்லாவற்றிலும் கொடுக்கிற கை ஒரு பக்கம், வாங்குகிற கை மறுபக்கம். அந்த அம்மா கேட்டது வேறு. தன் கிணற்றைப் பற்றிய கேள்வியை யார் தீர்மானித்தார், விடை யாருக்குப் போகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அடிமட்ட மக்களின் பங்கேற்பு என்று பெரிய சொல்லில் சொல்லப்படுவதன் சாரமும் அதற்குள்தான் இருக்கிறது.

கிணற்றையே கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாரியில் மட்டும் ஓடும் வழுக்கை ஆற்றைத் தவிர ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைத் தண்ணீர், கடல் நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதர் களைத்துப் போவதே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இயந்திரம் வந்த பிறகு கிணறு களைத்தது, உவர் ஏறியது. தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் மலசலகூடக் குழியின் கசிவும் சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் நேரே கீழே இறங்குகின்றன. குடிநீரில் நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை தாண்டியிருக்கிறது என்பது 1980களிலிருந்தே ஆய்வுகளில் வந்துகொண்டிருக்கும் செய்தி.

ஆய்வாளரின் கேள்வி: இந்தப் பகுதியின் நைட்ரேட் செறிவு எவ்வளவு, பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது? அம்மாவின் கேள்வி: மகளின் கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால்மா கரைக்கலாமோ? காய்ச்சினால் சரிவருமோ? முன் வளவுக்காரர் குழி வெட்டப் போகிறார், எவ்வளவு தள்ளி வெட்டச் சொல்ல வேண்டும்? இரண்டாவது வகைக் கேள்விக்கு முதலாவதன் விடை வேண்டும். ஆனால் முதலாவதன் விடை தானாக இரண்டாவதாக மாறாது. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இந்த ஒரு வரி போதும். இதைச் சொல்லப் புது ஆய்வு ஒன்றும் தேவையில்லை, திரும்பி வருவதற்கு ஒரு ஆள்தான் தேவை.

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் பெரிதாகக் கிளம்பியபோதும் இதையே பார்த்தோம். 2014, 2015இல் வாளியில் மிதந்த எண்ணெய்ப் படலத்தைச் சனம் கண்ணால் கண்டது, மூக்கால் அறிந்தது. ஆய்வு முடிவுகளோ ஒன்றுக்கொன்று முரணாக வந்தன. எந்த அறிக்கை சரி என்பதைவிட, எந்த அறிக்கையையும் நம்ப முடியாத நிலைக்கு மக்கள் வந்ததுதான் பெரிய சேதம். 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கும்படி அங்கே மின்நிலையம் நடத்திய நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. மாதிரி எடுக்கும் நாளில், எந்தக் கிணற்றில் எடுப்பது, எந்தப் பரிசோதனை செய்வது என்பதில் ஊரவர் நாலு பேரும் கூட இருந்திருந்தால், வந்த முடிவு எதுவானாலும் அதற்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும்.

ஊரில் யாரும் பல்கலைக்கழகம் என்று சொல்வதில்லை, கம்பஸ் என்றுதான் சொல்வது. "பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது." இலங்கை முழுக்க உள்ள வழக்குத்தான், ஆனால் இங்கே அதற்கு வரலாற்றுப் பொருத்தமும் உண்டு. 1974 ஒக்ரோபரில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத்தான் இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தொடங்கியது. சேர். பொன். இராமநாதன் 1921இல் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் நிலமும் கட்டடங்களும் அதற்குக் கிடைத்தன. வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவும் சேர்ந்தது. முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. 1979 ஜனவரியில் தனிப் பல்கலைக்கழகமானது, பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார்.

பிறக்கும்போதே சண்டையுடன் பிறந்த குழந்தை இது. தமிழ்ப் பல்கலைக்கழகம் திருகோணமலையில் அமைய வேண்டும் என்று தமிழரசுக் கட்சி நின்றது. யாழ்ப்பாணத்தில் வளாகம் திறக்க வந்த பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் வருகைக்கு எதிர்ப்பும் இருந்தது. பல்கலைக்கழக அனுமதிக்குப் புள்ளிகளைத் தரப்படுத்தியதால் பிள்ளைகளின் மருத்துவ, பொறியியல் கனவு அடிபட்ட காலம் அது. ஆகவே கம்பஸ் என்பது இங்கே முதல் நாளிலிருந்து ஊரின் மானப் பிரச்சினை. 2021 ஜனவரி 8 இரவு வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது வாசலில் கூடியது மாணவர் மட்டுமல்ல. மூன்று நாளில் துணைவேந்தரே மீண்டும் அடிக்கல் நாட்ட வேண்டி வந்தது. சனம் அதைத் தன்னுடையதென்று நினைக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தன்னுடையது என்று நினைக்கிற ஒன்றில், அதைத் தங்கள் வரியால் நடத்தவும் செய்கிற மக்களுக்கு, என்ன சொல்லுரிமை இருக்கிறது? சட்டத்தைப் பார்ப்போம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி நிர்வாகத்தின் தலையான அமைப்பு பேரவை. துணைவேந்தர், பீடாதிபதிகள், கல்வி விடயங்களைக் கவனிக்கும் மூதவை தெரிவு செய்யும் இருவர் ஆகியோர் உள்ளிருந்து வருவார்கள். வெளியிலிருந்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிப்பவர்கள் அவர்களைவிட ஒருவர் அதிகமாக இருக்க வேண்டும். அடடே, வெளியாருக்குத்தான் பெரும்பான்மை! ஆனால் அந்த வெளியார் யார்? கல்வி, உயர்தொழில், வணிகம், கைத்தொழில், விஞ்ஞானம், நிர்வாகம் ஆகிய துறைகளில் சிறந்த சேவை செய்தவர்கள். கமமும் கடற்றொழிலும் இந்தப் பட்டியலில் இல்லை. நாற்பது வருடம் கூட்டுறவுச் சங்கம் நடத்திய ஒரு கடற்றொழிலாளியை "நிர்வாகம்" என்ற சொல்லுக்குள் அடக்கலாம் என்று வாதாடலாம்தான். யாரும் வாதாடியதாகத் தெரியவில்லை.

பேரவையில் ஒரு கதிரை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. மாதத்துக்கு ஒரு கூட்டம், கட்டுக் கட்டாகக் கோப்புகள், ஆங்கிலத்தில் அறிக்கைகள். அங்கே போய் இருக்கிற ஒரு கமக்காரர் தேநீர் குடித்துவிட்டு வருவார். கேள்விகள் பிறக்கிற இடம் பேரவை அல்ல. துறைகளும், இறுதி வருட மாணவர் தலைப்புத் தேடும் வாரங்களும்தான். அங்கேதான் மாற்றம் வேண்டும்.

ஒரு சின்ன ஒப்பீடு. கடந்த பத்தாண்டில் நாட்டின் பல்கலைக்கழகங்களில் வணிகத் தொடர்புக்கென்றே தனி அலகுகள் அமைக்கப்பட்டன, யாழ்ப்பாணத்திலும் உண்டு. கண்டுபிடிப்பைச் சந்தைக்குக் கொண்டுபோவது, கம்பனிகளோடு ஒப்பந்தம் செய்வது அவற்றின் வேலை. நல்லது. ஒரு கம்பனிக்காரர் வந்தால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியும். குருநகர் கடற்றொழிலாளர் சங்கத்துச் செயலாளர் ஒரு கேள்வியோடு வந்தால்? காவலாளி, "ஆரைப் பாக்கவேணும்?" என்று கேட்பார். அவருக்கு விடை தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

கேள்விகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் திங்கள், புதன், சனி என்று நாள் வைத்து வருகின்றன. அந்த நாட்களில் வலை விடப் பயந்து வடக்குத் தொழிலாளர் பலர் கரையிலேயே நின்றுவிடுகிறார்கள். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. அதன் பிறகும் அறுந்த வலைக்கு நட்டக் கணக்கு எப்படிப் போடுவது என்பது கரையில் தீராத கேள்வி. வலையின் விலை மட்டுமா? போகாத நாட்களின் உழைப்பு? கடனுக்கு வாங்கிய வலையென்றால் வட்டி? அப்புறம் கடலட்டைப் பண்ணை. கௌதாரிமுனையிலும் கிராஞ்சியிலும் தீவகத்திலும் களப்பில் வேலி விழுந்தபோது சிறகுவலைக்காரரும் இறால் பிடிப்பவரும் கேட்டது ஏற்றுமதி வருமானத்தைப் பற்றி அல்ல. இந்த இடத்தில் மீன் குஞ்சு வளருமா, நீரோட்டம் மறிபடுமா, எங்கள் பாடு எப்படி இடம் மாறும் என்பதைப் பற்றித்தான். கடற்றொழில் விஞ்ஞானம் கற்பிக்கும் துறை யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. பண்ணைக்கு அனுமதி கொடுக்கும் முன்பு அந்தத் துறையும் அந்தச் சங்கமும் ஒரே மேசையில் இருந்து களப்பின் வரைபடத்தை விரித்துப் பார்த்திருந்தால் பாதிச் சண்டை கரையேறியிருக்காது.

இதெல்லாம் நடக்காத கதையா? எங்கள் மண்ணிலேயே நடந்திருக்கிறது.

வித்தியானந்தன் பேராதனையில் இருந்த காலத்தில் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதில் பலர் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. அவர் கூத்தை ஆராய்ந்து கட்டுரை எழுதியதோடு நின்றுவிடவில்லை. மட்டக்களப்பின் கூத்து ஆசான்களான அண்ணாவிமாரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துவந்து மாணவருக்குப் பழக்கச் செய்தார். தாளக்கட்டு என்ன, வரவு எப்படி என்பதில் தீர்ப்புச் சொல்கிற இடத்தில் அண்ணாவி நின்றார். விரிவுரையாளர் கேட்டுக்கொண்டு நின்றார். பட்டமில்லாதவர் ஆசிரியராகவும் பட்டதாரி மாணவராகவும் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் தமிழ் நாடக வரலாற்றையே திருப்பியது. பின்னர் அவர் இங்கே துணைவேந்தராக வந்தபோது அந்த அனுபவமும் கூடவே வந்தது.

இன்னொன்று யாழ்ப்பாண மருத்துவ பீடம். 1978இல் தொடங்கிய இந்தப் பீடத்தின் சமுதாய மருத்துவத் துறையில் பேராசிரியராக இருந்தவர் சி. சிவஞானசுந்தரம். வாசகர்களுக்கு அவர் 'நந்தி'. சிறுகதையும் நாவலும் எழுதிய கையால், கர்ப்பிணிப் பெண்களுக்கும் தாய்மாருக்கும் வேண்டிய சுகாதாரத்தைக் கடிதமாக எழுதினார். வைத்தியர் நோயாளிக்கு எழுதுகிற தமிழில் இல்லை, அண்ணன் தங்கைக்கு எழுதுகிற தமிழில். உளமருத்துவத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு நின்றவர்களும் போர்க்காலத்தில் செய்ததும் இதே வழிதான். நோயாளி வைத்தியசாலைக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், ஆசிரியர், தாதியர், ஊர்ப் பணியாளர் ஆகியோரைப் பயிற்றினார்கள். பெருமூச்சு, நெஞ்சு விறைப்பு, உடம்பெல்லாம் குத்துளைவு என்று சனம் சொன்ன சொற்களையே நோய்க்குறியாகக் காது கொடுத்துக் கேட்டார்கள். காணாமற்போனவருக்குச் செத்தவீடு செய்ய முடியாத குடும்பத்தின் துயரத்துக்கு மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தில் தனிப் பக்கம் கிடையாது. அதை இங்குள்ள தாய்மாரிடமிருந்துதான் படிக்க வேண்டியிருந்தது.

இந்த இரண்டிலும் ஒரு விஷயம் பொது. அறிவு ஒரு பக்கமிருந்து மட்டும் ஓடவில்லை. நல்ல மனிதர்கள் இருந்தபடியால் நடந்தது என்று சொல்லலாம், உண்மைதான். சிக்கலும் அங்கேதான்: அந்த மனிதர்கள் ஓய்வு பெற்றால் அந்த வழக்கமும் ஓய்வு பெற்றுவிடுகிறது.

வழக்கத்தை நிலைக்க வைப்பது எப்படி? ஆர்ஜென்ரீனாவின் கோர்தோபாவில் 1918இல் மாணவர் கிளர்ந்து பல்கலைக்கழகத்தைச் சமூகத்தின் பக்கம் திருப்பியதையும், 1970களில் நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் ஊர்ச் சங்கங்களின் கேள்விகளை வாங்கி மாணவர் ஆய்வாக மாற்றித் தர 'அறிவியல் கடைகள்' திறந்ததையும் உதாரணமாகக் காட்டுவார்கள். காட்டட்டும். எனக்கோ அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்று படுகிறது. கிளிநொச்சி வரை போனால் போதும்.

இரணைமடுக் குளத்தின் கீழ் ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு ஒரு கூட்டம் நடக்கும். அரசாங்க அதிபர் தலைமை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழுந்து குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கருக்குப் போதும் என்று கணக்குச் சொல்வார். உடனே சனம் தலையாட்டிவிடாது. "போன முறையும் இப்பிடித்தான் சொன்னனீங்கள், கடைசி வாய்க்காலுக்குத் தண்ணி வரேல்லை" என்று கடைமடைக்காரர் எழும்புவார். மழை குறைந்த சிறுபோகத்துக்கு முழு வயலுக்கும் தண்ணீர் போதாது. இந்த முறை யாருக்கு, எத்தனை ஏக்கர், எந்தத் திகதிக்குள் விதைப்பு, எப்போது வாய்க்கால் மறிப்பு, மாடு கட்டுவது எப்போது, எல்லாம் அங்கேயே பேசி முடிவாகும். சண்டை வரும், குரல் உயரும், கமக்காரர் அமைப்புகளுக்குள் உள்ளரசியலும் ஓடும். ஆனாலும் பொறியியலாளர் தன் கணக்கைக் கமக்காரர் முன்னால், அவர்களுக்கு விளங்குகிற தமிழில், அவர்கள் மறுத்துக் கேட்கக்கூடிய இடத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தக் கூட்டத்துப் பழக்கத்தின் பலத்தை ஒரு தடவை நாடே பார்த்தது. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனோடு வந்த திட்டம், இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுவர நினைத்தது. குடாநாட்டின் கிணறுகள் கெட்டுவருகிற நிலையில் தேவை உண்மையானது. ஆனால் கிளிநொச்சிக் கமக்காரர் மறுத்தார்கள். சிறுபோகத்துக்கே காணாத குளத்தில் இன்னொரு பங்கு எங்கே என்றார்கள். இரண்டு பக்கமும் தமிழர், இரண்டு பக்கமும் தண்ணீர் இல்லாதவர். கசப்பான காலம் அது. கடைசியில் திட்டம் கடல்நீரைக் குடிநீராக்கும் பக்கம் திரும்பியது. தாளையடி நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. கடல்நீரைச் சுத்திகரிப்பது மலிவான வழியல்ல. அதற்கும் கரையோரத் தொழிலாளர் பக்கத்தில் கேள்விகள் இருந்தன. கமக்காரர் சொன்னது முற்றும் சரி என்று நான் தீர்ப்பளிக்க வரவில்லை. அவர்கள் கையில் கணக்கு இருந்தது, ஏனென்றால் போகத்துக்குப் போகம் அந்தக் கணக்கு அவர்கள் முன்னால் வாசிக்கப்பட்டிருக்கிறது. அதுதான் நான் சொல்ல வந்தது.

பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் அதே கிளிநொச்சி மாவட்டத்தில், அறிவியல் நகரில் இருக்கின்றன. குளம் தொலைவில் இல்லை. பொறியியற் பீடத்தில் படிப்பவர்களில் கணிசமானோர் தென்னிலங்கைப் பிள்ளைகள். கமக்காரரின் கேள்வி தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போய், ஆய்வு ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, திரும்பித் தமிழுக்கு வர வேண்டும். இதைத் தடையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. ஒரு மாத்தறைப் பிள்ளை இரணைமடுக் கடைமடைக்காரரோடு ஒரு போகம் முழுக்க நின்றால் தண்ணீர்க் கணக்குக்கு மேலாகவும் சிலது படிக்கும்.

சரி, மக்கள் மக்கள் என்கிறோமே, யார் அந்த மக்கள்? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போனால் மேலே சொன்னதெல்லாம் வெறும் பூச்சாகிவிடும்.

ஊர்க் கூட்டம் வையுங்கள். முன் வரிசையில் கோயில் தர்மகர்த்தா, ஓய்வுபெற்ற அதிபர், பழைய மாணவர் சங்கத்துப் பொருளாளர், கனடாவிலிருந்து லீவில் வந்த ஒருவர். சீவல் தொழிலாளி வாசலில் நிற்பார், கூலிக்கு வெங்காயம் பிடுங்கும் பெண் வரவே மாட்டார். அவருக்கு அன்றைய சம்பளம் போய்விடும். தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைவதற்கு 1960களின் பிற்பகுதியில் போராட வேண்டியிருந்த ஊர் இது. கதிரைகளின் ஒழுங்கு இன்றைக்கும் அதை மறக்கவில்லை. "ஊரவர் கேட்டார்கள்" என்று ஒரு துறை ஆய்வு தொடங்கினால், கேட்டது எந்த ஒழுங்கை என்று பார்க்க வேண்டும். புலம்பெயர்ந்தோரின் பணம் இன்னொரு பாரம். கட்டடமும் புலமைப்பரிசிலும் அவர்களால் எழும்புகின்றன, நன்றி. ஆனால் காசு கொடுப்பவரின் கேள்வி கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்கும்.

அதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்றும் யாழ்ப்பாணத்தின் அனுபவத்தில் இருக்கிறது. மக்களின் பெயரால் பேசுகிறோம் என்று துவக்கோடு வந்தவர்களையும் இந்த வளாகம் பார்த்திருக்கிறது. உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திரணகம, 'மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள்' என்ற அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர். 1987க்குப் பிந்திய நாட்களில் ஊர் ஊராகப் போய், வன்முறைக்கு ஆளான பெண்களின் வாக்குமூலங்களைக் கேட்டு எழுதினார். எல்லாத் தரப்பின் கொடுமையையும் எழுதினார். 1989 செப்ரெம்பர் 21இல், பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். சமூகத்துக்குக் கடமைப்பட்ட பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசும்போது அந்த வீதியை விலத்திப் போக முடியாது. மக்கள் கேள்வி கேட்கும் உரிமையும், பல்கலைக்கழகம் யாருக்கும் பிடிக்காத விடையைச் சொல்லும் உரிமையும் ஒன்றாகத்தான் நிற்க வேண்டும். கட்சி அலுவலகம் தலைப்புக் கொடுத்து, விடையையும் எழுதிக் கொடுப்பது பங்கேற்பு ஆகாது.

தடைகள் பெரும்பாலும் இவ்வளவு பயங்கரமானவை அல்ல, சாதாரணமானவை. விரிவுரையாளருக்குப் பதவி உயர்வு புள்ளிக் கணக்கில் வருகிறது. சமூகத்துக்கான பங்களிப்புக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. ஆனால் பாரம் தூக்குவது சர்வதேச ஆய்விதழில் வெளிவரும் கட்டுரைதான். ஒரு சனசமூக நிலையத்தில் முப்பது பேருக்கு நைட்ரேட்டைப் பற்றி விளங்கப்படுத்திய மாலை, கணக்கில் கடலை மிட்டாய் அளவுக்கும் வராது. இறுதி வருட ஆய்வுக்கு மாணவருக்குக் கிடைப்பது சில மாதங்கள். அதற்குள் தலைப்பு, மேற்பார்வையாளர், தரவு, எழுத்து எல்லாம் முடிய வேண்டும்; ஊரோடு பழக நேரமில்லை. விஞ்ஞான, மருத்துவ, பொறியியற் பாடங்கள் ஆங்கிலத்தில். கலைப்பீடத்தில் தமிழில் எழுதும் ஆய்வுகளும் அட்டை கட்டி அலுமாரிக்குள் போய்விடுகின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் தன்னார்வலர்களை வைத்துக்கொண்டு ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் துண்டுப்பிரசுரங்களையும் எண்ணிமப்படுத்தி யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. 1981இல் நூலகம் எரிந்த ஊருக்கு அதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்து அதைச் செய்ய முடிந்தால், உள்ளே இருப்பவர்கள் ஒவ்வொரு ஆய்வுக்கும் இரண்டு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் எழுதி, தரவு எடுத்த ஊர் வாசிகசாலைக்கு அனுப்புவது பெரிய பாடில்லை.

ஊர்களிலும் ஆளில்லாமல் இல்லை. மூளாயில் ஊரவர் சேர்ந்து 1930களில் கூட்டுறவு வைத்தியசாலையே கட்டியிருக்கிறார்கள். கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம், கடற்றொழிலாளர் சங்கங்களின் சமாசம், பனை தென்னைக் கூட்டுறவுச் சங்கம், சனசமூக நிலையம் என்று ஒவ்வொரு ஊரிலும் ஏற்கெனவே பதிவேடும் கூட்டக் குறிப்புப் புத்தகமும் வைத்திருக்கும் அமைப்புகள் உண்டு. சில தூங்குகின்றன, சில ஒரு குடும்பத்தின் கையில் இருக்கின்றன. ஆனாலும் ஆய்வுத் தலைப்புகள் தீர்மானிக்கப்படுவதற்கு முந்திய மாதத்தில், போகக் கூட்டத்தைப் போல, ஒரு துறை இவர்களில் சிலரை அழைத்து, போன வருடம் உங்கள் ஊரில் நாங்கள் கண்டது இது, இந்த வருடம் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். புதுச் சட்டமோ வங்கிக் கடனோ இதற்கு வேண்டியதில்லை. கூலிக்குப் போகும் பெண் வர வேண்டுமென்றால் அன்றைய நாட்கூலியைக் கொடுக்க வேண்டும். பட்டறைக்கு விருந்தினர் மதியச் சாப்பாட்டுக்குச் செலவாகும் காசு அதற்குத் தாராளமாகக் காணும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் திருநெல்வேலிச் சந்தையைத்தான் காட்டுவேன். யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் கமக்காரரின் மரக்கறியில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் 'கழிவு' என்று வெட்டிக்கொள்ளும் வழக்கம் ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது. கூட்டங்களில் பேசியாயிற்று, தீர்மானம் எடுத்தாயிற்று, பத்திரிகையில் வந்தாயிற்று. உண்மையில் எவ்வளவு மரக்கறி பழுதாகிறது, எவ்வளவு நியாயமான கழிவு, எவ்வளவு வெறும் வெட்டு, வியாபாரியின் பக்கத்துச் செலவு என்ன? தராசும் கொப்பியுமாக ஒரு மாதம் நின்றால் விடை வந்துவிடும். பொருளியலும் புள்ளிவிபரவியலும் படிப்பிக்கிற வளாகத்திலிருந்து சந்தைக்கு நடந்தே போகலாம். விடியக் காலமே சந்தை கூடிவிடும், பிள்ளைகள் கொஞ்சம் வெள்ளென எழும்ப வேண்டும், அவ்வளவுதான்.